வரம்பு முதலில், வசதி பிறகு: மெஷ்சென்ட்ரலின் புதிய வசதிகளைத் திறக்கும் முறை

அலுவலகத்திலோ பள்ளியிலோ சிதறிக் கிடக்கும் கணினிகளை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள்களில் மெஷ்சென்ட்ரல் முன்வரிசையில் இருக்கிறது. இலியான் செயின்ட்-இலேர் என்ற நிரலாளர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியபோது வளர்த்தெடுத்தது இது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைப்பதால் உரிமக் கட்டணம் இல்லை. சர்வர் உங்களுடையது, தரவும் உங்களிடமே இருக்கும். ஒவ்வொரு கணினியிலும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரலை நிறுவிவிட்டால் அதன் திரை, கோப்புகள், கட்டளைச் சாளரம் (டெர்மினல்) மூன்றும் உங்கள் பிரவுசருக்குள் வந்துவிடும். அண்மை ஆண்டுகளில் இதில் வசதிகள் வேகமாகக் கூடியுள்ளன. பிரவுசரிலேயே ஆர்.டி.பி., எஸ்.எஸ்.எச். இணைப்புகளைத் திறக்கலாம். கணக்கே இல்லாத ஒருவருக்கு நேரக் கெடு வைத்த லிங்க் அனுப்பலாம். இணைப்பில் நடந்தவற்றைப் பதிவு செய்யலாம். கணினியின் வட்டு விவரங்களை பிட்லாக்கர் மீட்புச் சாவி உட்படப் பார்க்கலாம்.

இந்த வசதிகளை எந்த வரிசையில் திறப்பது என்பதே இந்த அத்தியாயம். இதன் அடிப்படை ஒன்றுதான்: தொலைநிலை மேலாண்மையில் ஒவ்வொரு புதிய வசதியும் ஒரு புதிய அதிகாரம். யார் அதைப் பயன்படுத்தலாம், எதிரில் இருப்பவருக்கு அது தெரியுமா, பிறகு சரிபார்க்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே அதைத் திறக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் ஓட வைக்கிறார்கள்; பாதுகாப்பை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்குகிறார்கள். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை.

இந்த வரிசை ஏன் முக்கியம்?

2021 ஜூலை 2 அன்று ஸ்வீடனின் கூப் பல்பொருள் அங்காடிகளில் பணம் வாங்கும் இயந்திரங்கள் முடங்கத் தொடங்கின. சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று. கூப் நேரடியாகத் தாக்கப்படவில்லை. காசேயா நிறுவனத்தின் தொலைநிலை மேலாண்மை மென்பொருளான வி.எஸ்.ஏ.யில் இருந்த ஓட்டை வழியே ரீவில் என்ற ரான்சம்வேர் கும்பல் நுழைந்தது. அந்த மென்பொருளைக் கொண்டு பிறரது கணினிகளைப் பராமரித்து வந்த சேவை நிறுவனங்களின் வழியாக, அவர்களுடைய வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குப் பூட்டு நச்சுநிரல் (ரான்சம்வேர்) போய்ச் சேர்ந்தது. நேரடி வாடிக்கையாளர்களில் 60க்கும் குறைவானவர்களே பாதிக்கப்பட்டார்கள் என்றும், அவர்கள் வழியே பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500க்குள் இருக்கும் என்றும் காசேயாவே கணித்தது. ஒரு மேலாண்மை சர்வர் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை கணினிகளும் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2024 பிப்ரவரியில் ஸ்க்ரீன்கனெக்ட் என்ற தொலைநிலை மென்பொருளில் கண்டறியப்பட்ட ஓட்டை இன்னொரு பாடம். ஏற்கெனவே அமைத்து முடித்த சர்வரிலும் ஆரம்ப அமைவுப் பக்கத்தை மீண்டும் திறந்து, புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கை உண்டாக்க அது இடம் கொடுத்தது. இவை இரண்டும் வணிக மென்பொருள்கள். திறமூலமும் விதிவிலக்கல்ல. மெஷ்சென்ட்ரலிலேயே அதே 2024இல் ஓர் ஓட்டை வெளியானது. நிர்வாகி லாகின் செய்திருக்கும்போது தீய வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தால், அந்தப் பக்கத்தால் அவர் பெயரிலேயே சர்வருடன் பேச முடிந்தது. 1.1.21 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. மென்பொருளில் ஓட்டையே இல்லாதபோதும் ஆபத்து உண்டு. முறையான தொலைநிலைக் கருவிகளையே மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதாக அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஜனவரியில் எச்சரித்தது. 2024 ஆகஸ்டில் உக்ரைனில், அந்நாட்டுப் பாதுகாப்புச் சேவையின் பெயரில் வந்த போலி மின்னஞ்சல்கள் வழியே, மெஷ்சென்ட்ரல் ஏஜென்ட்டின் மூல நிரலை வைத்து உருவாக்கிய நச்சுநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவப்பட்டது.

ஆகவே, எந்த மென்பொருள் என்பதைவிட, அது கொடுக்கும் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே பெரிய கேள்வி. இனி வரும் படிகள் அந்தப் பங்கீட்டைச் செய்வதற்கானவை.

தொடங்கும் முன் தேவையானவை

- நிலையான பொது ஐ.பி. முகவரி உள்ள சர்வர். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது முகவரி தரப்படுவதில்லை. ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்படிப்பட்ட இணைப்பில் வெளியிலிருந்து உங்கள் சர்வரை எட்ட முடியாது. அப்போது மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் வி.பி.எஸ். எடுப்பதே எளிய வழி. ஒரே கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்துவதென்றால் ராஸ்பெரி பை போதும்.
- சொந்த டொமைன் பெயர்.
- மெஷ்சென்ட்ரல் ஓடத் தேவையான நோட்.ஜேஎஸ்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு.
- சோதனைக்கென்று ஒதுக்கிய ஒரு கணினி. எதையும் முதலில் அதில் செய்து பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும்.
- கணினிகளின் உரிமையாளரிடமிருந்து எழுத்து வடிவில் அனுமதி. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும்.

முதல் பகுதி: வாசலை அடைத்தல்

1. பெயரை முடிவு செய்யுங்கள். ஏஜென்ட்களை நிறுவும் முன்பே சர்வருக்கு ஒரு டொமைன் பெயரைக் கொடுத்து, சர்வரின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.ஜேசன் கோப்பின் 'செர்ட்' என்ற அமைப்பில் அதை எழுதுங்கள். ஐ.பி. எண்ணை எழுத வேண்டாம். ஒவ்வொரு ஏஜென்ட்டுக்குள்ளும் இந்த முகவரி பதிந்துவிடும். பிறகு சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது ஐ.பி. மாறினால், எல்லாக் கணினிகளுக்கும் நேரில் போய் ஏஜென்ட்டை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். டொமைன் பெயர் இருந்தால் டி.என்.எஸ்.ஸில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

2. முதல் கணக்கை நீங்களே உருவாக்குங்கள். புதிய சர்வரில் முதலாவதாக உருவாகும் கணக்கே முழு நிர்வாகியாகிறது. அதனால் ஃபயர்வாலில் உங்கள் முகவரிக்கு மட்டும் வழி விட்டுவிட்டு, அந்தக் கணக்கை உருவாக்கிய பிறகே மற்றவர்களுக்குத் திறங்கள். 'நிறுவியாகிவிட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓர் இரவு திறந்து விட்டால், இணையத்தைச் சலித்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் உங்களுக்கு முன்பே அந்தக் கணக்கை உருவாக்கிவிடலாம்.

3. புதிய கணக்குகளை மூடுங்கள். உங்கள் கணக்கு உருவானதும் கான்ஃபிக்.ஜேசனில் 'நியூஅக்கவுண்ட்ஸ்' அமைப்பை 'ஃபால்ஸ்' என்று வெளிப்படையாக எழுதி, சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். இயல்பு அமைப்பு என்னவாக இருந்தாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். பிறகு வேறு பிரவுசரில் லாகின் பக்கத்தைத் திறந்து, கணக்கு உருவாக்கும் லிங்க் மறைந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

4. சான்றிதழைச் சோதனை முறையில் வாங்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை மெஷ்சென்ட்ரலே வாங்கி, காலாவதிக்கு முன் புதுப்பித்தும் கொள்ளும். அதற்கு 80, 443 ஆகிய இரு போர்ட்களும் வெளியிலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும். அதன் அமைப்பில் 'புரொடக்‌ஷன்' என்று ஒரு வரி உண்டு. முதலில் அதை 'ஃபால்ஸ்' என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். வெற்றியானால் மட்டும் 'ட்ரூ' ஆக்குங்கள். ஒரே பெயர்த் தொகுப்புக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்களே கிடைக்கும் என்பதால், தவறான அமைப்போடு திரும்பத் திரும்ப முயன்றால் அடுத்த சான்றிதழுக்குக் காத்திருக்க நேரும். 4433ஆம் போர்ட் இன்டெல் ஏ.எம்.டி. வசதிக்கானது. அது தேவையில்லை என்றால் ஃபயர்வாலில் மூடிவிடுங்கள்.

5. இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். கடவுச்சொல் விதிகளுக்கான பகுதியில் 'ஃபோர்ஸ்2ஃபேக்டர்' என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், கைபேசிச் செயலியின் ஆறு இலக்க எண்ணோ யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவியோ போன்ற இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. எல்லோரிடமும் 'போட்டுக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக்கொள்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரே ஒருவர் மறந்தாலும் அவர் கணக்கின் வழியே எல்லாக் கணினிகளும் திறந்துவிடும். கைபேசி தொலைந்தால் உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பூட்டிய மேசைக்குள் வையுங்கள். அதே கைபேசியில் படமெடுத்து வைப்பதில் பயனில்லை.

குறிப்பு: கான்ஃபிக்.ஜேசனில் ஓர் அமைப்பின் பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருந்தால் சர்வர் அதைப் படிக்காது. மாதிரிக் கோப்பில் பல வரிகள் அப்படித்தான் இருக்கும். 'எழுதினேன், ஆனால் வேலை செய்யவில்லை' என்ற புகார் எழும்போது முதலில் இதைப் பாருங்கள். ஒரு காற்புள்ளி மிகுந்தாலும் குறைந்தாலும் சர்வரே தொடங்காது என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாம் பகுதி: அதிகாரத்தைப் பங்கிடுதல்

6. வேலையின்படி குழு பிரியுங்கள். கணினிகளை எல்லாம் ஒரே குழுவில் போடுவது விரைவாக முடியும்; பிறகு அனுமதிகளைப் பிரிக்க இடமே இருக்காது. ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகக் கணினிகள், அலுவலகக் கணினிகள், தலைமை ஆசிரியரின் மடிக்கணினி ஆகிய மூன்றும் மூன்று குழுக்களாக இருக்க வேண்டும். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்குக் கட்டண விவரங்கள் உள்ள கணினியில் வேலை இல்லை. குழுவில் ஒருவரைச் சேர்க்கும்போது முழு நிர்வாகி என்ற ஒற்றைத் தேர்வு மேலே இருக்கும். அவசரத்தில் கை அங்கேதான் போகும். அதைத் தவிர்த்து, கீழே உள்ள பட்டியலுக்கு வாருங்கள். தொலைக் கட்டுப்பாடு, பார்க்க மட்டும், டெர்மினல் கூடாது, கோப்புகள் கூடாது, கட்டளைகள் இயக்குதல், கணினி விவரங்கள், ஏஜென்ட்டை நீக்குதல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அங்கே கிடைக்கும். அச்சுப்பொறிப் பழுதைப் பார்ப்பவருக்குத் திரை போதும், டெர்மினல் தேவையில்லை.

7. சம்மதத்தை இயக்குங்கள். குழுவின் அமைப்புகளில் பயனர் சம்மதம் என்ற பகுதி உண்டு. திரை, டெர்மினல், கோப்புகள் மூன்றுக்கும் தெரிவிக்கலாம் அல்லது அனுமதி கேட்கலாம் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். திரைக்கு மட்டும், இணைப்பு நீடிக்கும் வரை மேலே ஒரு பட்டை தெரியும்படியும் செய்யலாம். ஒருவர் அமர்ந்து வேலை செய்யும் கணினிகளுக்குத் திரை அனுமதியும் பட்டையும் இரண்டுமே இருக்கட்டும். அனுமதி கேட்கும் வாசகத்தை நீங்களே தமிழில் எழுதலாம். 'கணினிப் பிரிவிலிருந்து இன்னார் உங்கள் திரையைப் பார்க்க அனுமதி கேட்கிறார். சம்மதமா?' என்று எழுதி, இணைபவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் அதற்குரிய குறியை இடுங்கள். எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று சோதனைக் கணினியில் பார்த்துவிடுங்கள். தன் மொழியில், பெயரோடு கேட்கப்படும் கேள்விக்கு மனிதர் யோசித்துப் பதில் சொல்வார். புரியாத ஆங்கில வரிக்குப் பழக்கத்தில் 'யெஸ்' அழுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள்.

8. பதிவை இயக்குங்கள். யார், எப்போது, எந்தக் கணினியில் இணைந்தார் என்பது நிகழ்வுப் பட்டியலில் தானாகவே ஏறும். என்ன செய்தார் என்பது தெரிய 'செஷன் ரெக்கார்டிங்' அமைப்பை இயக்க வேண்டும். திரை, டெர்மினல், கோப்பு என எந்த வகை இணைப்பைப் பதிவு செய்வது என்றும், எந்தக் குழுக்களுக்கு மட்டும் என்றும் வரையறுக்கலாம். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற எல்லையையும் அதிலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வட்டு நிரம்பி ஒரு நாள் சர்வர் நின்றுவிடும். பதிவில் பணியாளரின் திரையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பதிவு செய்யப்படும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். பதிவுகளைத் திறந்து பார்க்கும் உரிமை, பழுதுபார்ப்பவரிடம் இல்லாமல் வேறொருவரிடம் இருக்கட்டும்.

9. ஏஜென்ட்டை நிறுவுங்கள். குழுவின் பக்கத்திலிருந்து பதிவிறக்கும் ஏஜென்ட்டுக்குள் அந்தக் குழுவின் அடையாளமும் உங்கள் சர்வரின் அடையாளமும் இருக்கும். அது வேறு சர்வரோடு பேசாது. உக்ரைன் சம்பவம் போன்றவற்றால் சில ஆன்டிவைரஸ் நிரல்கள் இதைத் தடுக்கக்கூடும். அப்போது ஆன்டிவைரஸை முழுவதுமாக அணைக்க வேண்டாம்; அந்தக் கோப்பின் இருப்பிடத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஏஜென்ட் கோப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி 'இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று சொல்லும் வழக்கத்தை உங்கள் நிறுவனத்தில் ஏற்படுத்தவே கூடாது. நாளை ஒரு மோசடிக்காரர் அதே சொற்களில் அனுப்பினால் பணியாளர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் பகுதி: புதிய வசதிகளைத் திறத்தல்

மேலே உள்ள ஒன்பது படிகளும் முடிந்த பிறகு இந்தப் பகுதிக்கு வாருங்கள். ஒரு நாளில் ஒரு வசதியை மட்டும் திறந்து, சோதித்து, அடுத்ததற்குப் போங்கள்.

10. விருந்தினர் லிங்க். கணக்கியல் மென்பொருளைச் சரிசெய்ய வெளியாள் ஒருவர் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அவருக்குக் கணக்கு உருவாக்கி, வேலை முடிந்ததும் நீக்க மறந்துவிடுவார்கள். இப்போது அந்தக் கணினியின் பக்கத்தில் 'ஷேர்' என்பதை அழுத்தி, பெயர், என்ன வகை அணுகல், எவ்வளவு நேரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஒரு லிங்க் உருவாகும். நேரம் முடிந்ததும் அது செயலிழக்கும். பழைய முறையைவிட இது பாதுகாப்பானது. ஆனால் அந்த லிங்க்தான் இங்கே அனுமதிச்சீட்டு. அது யார் கையில் இருந்தாலும் கதவு திறக்கும். எனவே குழு அரட்டையில் போடாமல் உரியவருக்குத் தனியாக அனுப்புங்கள். நேரத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். அனுமதி கேட்கும் தேர்வை இயக்குங்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் அதே பக்கத்தில் தெரியும் பட்டியலிலிருந்து லிங்க்கை நீக்கிவிடுங்கள்.

11. பிரவுசரில் ஆர்.டி.பி., எஸ்.எஸ்.எச். இவை ஏஜென்ட் வழியாகவே பயணிப்பதால் 3389, 22 போன்ற போர்ட்களை இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. பூட்டு நச்சுநிரல் கும்பல்கள் விரும்பித் தேடும் வாசல்களில் திறந்து கிடக்கும் 3389 ஒன்று என்பதால், இந்த வசதியின் உண்மையான பயன் இதுதான். இதை இயக்கிய அன்றே ரவுட்டரில் பழைய போர்ட் ஃபார்வார்டிங் விதிகளைத் தேடி அழியுங்கள். அவை அப்படியே இருந்தால் புதிய வசதியால் பாதுகாப்பு எதுவும் கூடவில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பு ஆர்.டி.பி. இணைப்பை ஏற்காது, அதில் மெஷ்சென்ட்ரலின் சொந்தத் திரை வசதியையே பயன்படுத்துங்கள். இணைக்கும்போது கடவுச்சொல்லைச் சர்வரில் நினைவில் வைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்வர் கைமாறினால் கடவுச்சொற்களும் சேர்ந்து கைமாறும்.

12. கணினி விவரங்கள். விவரங்கள் பக்கத்தில் வன்பொருள், வட்டு, ஆன்டிவைரஸ் நிலை எல்லாம் தெரியும். பிட்லாக்கர் போட்ட வட்டானால் அதன் அடையாள எண்ணும் மீட்புச் சாவியும் அங்கே இருக்கும். பணியாளர் ஒருவரின் மடிக்கணினி நீலத் திரையில் சாவி கேட்டு நிற்கும்போது, நாற்பத்தெட்டு இலக்கச் சாவியை உடனே எடுத்துக் கொடுக்க முடிவது பெரிய உதவி. அதே சமயம், மடிக்கணினியைத் திருடியவரும் அந்தச் சாவிக்காகத்தான் காத்திருக்கிறார். 'டிவைஸ் டீடெயில்ஸ்' என்ற அனுமதி தனியாக இருப்பதால் அதை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள்.

13. பல கணினிகளில் ஒரே கட்டளை. பல கணினிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் கட்டளை இயக்குவதில்தான் வேலை அதிகம் மிச்சமாகிறது. அதிகச் சேதம் விளைவதும் இதில்தான். காசேயா சம்பவத்தில் நடந்ததும் சாராம்சத்தில் இதுவே: ஒரு கட்டளை எல்லாக் கணினிகளுக்கும் போனது. முதலில் சோதனைக் கணினி, பிறகு ஒரு குழுவில் இரண்டு கணினிகள், மறுநாள் மீதி என்ற வரிசையை மீறாதீர்கள். நீக்கும் கட்டளையோ மறுதொடக்கக் கட்டளையோ இருந்தால் இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்த பிறகே அனுப்புங்கள்.

நான்காம் பகுதி: காத்தல்

14. சாவிக் கோப்புகளை பேக்கப் எடுங்கள். 'மெஷ்சென்ட்ரல்-டேட்டா' என்ற ஃபோல்டரில்தான் சர்வரின் ரகசியச் சாவிகள் இருக்கின்றன. ஏஜென்ட்கள் இந்தச் சாவியை வைத்தே தம் சர்வரை அடையாளம் காண்கின்றன. அந்த ஃபோல்டர் தொலைந்தால், அதே பெயரில் புதிய சர்வர் அமைத்தாலும் பழைய ஏஜென்ட்கள் ஒன்றுகூட அதை ஏற்காது. ஒவ்வொரு கணினியிலும் மறுபடி நிறுவ வேண்டும். தானியங்கி பேக்கப் வசதி இருக்கிறது. ஆனால் நகல் அதே சர்வரின் வட்டில் மட்டும் இருந்தால் அதை பேக்கப் என்று சொல்ல முடியாது. கடவுச்சொல் வைத்த ஜிப் கோப்பாக வேறொரு இடத்துக்கு அனுப்பும்படி அமையுங்கள். மோங்கோடிபி போன்ற தனி டேட்டாபேஸ் பயன்படுத்தினால் அதன் நகலும் சேர்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அந்த ஜிப்பைத் திறந்து, சாவிக் கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

15. அப்டேட்டுக்கு நாள் குறியுங்கள். நிர்வாகியின் 'மை சர்வர்' பக்கத்தில் பதிப்பைச் சரிபார்த்து அங்கேயே அப்டேட் செய்யலாம். சர்வர் புதுப்பிக்கப்பட்டால் ஏஜென்ட்கள் இணையும்போது தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். வாரம் ஒரு நாளை இதற்கென்று வையுங்கள். பேக்கப் எடுத்து, வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, அப்டேட் செய்து, சோதனைக் கணினியில் திரை, கோப்பு, டெர்மினல் மூன்றையும் திறந்து பாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவிக்கப்பட்டால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- ஒரே நிர்வாகிக் கணக்கை நான்கு பேர் பகிர்வது. நிகழ்வுப் பட்டியலில் நால்வரும் ஒரே பெயராகத் தெரிவார்கள். பதிவு பயனற்றுப் போகும்.
- சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்ஸியை வைத்துவிட்டு, அதன் சான்றிதழ் எது என்பதைச் சர்வருக்குச் சொல்லாமல் விடுவது. பிரவுசர் திறக்கும், ஏஜென்ட்கள் இணையாது. 'செர்ட்யூஆர்எல்' அமைப்பில் வெளிமுகவரியைக் கொடுத்தால் சரியாகும்.
- வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்காமல் இருப்பது. அவர் கடைசி நாளிலேயே நீக்க வேண்டும்.
- நிர்வாகிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பிரவுசரில் கண்ட வலைத்தளங்களையும் பார்ப்பது. 2024 ஓட்டை இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்தியது. நிர்வாகத்துக்குத் தனி பிரவுசர் வையுங்கள்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

'எங்களிடம் பத்துக் கணினிகள்தான், இவ்வளவும் தேவையா?' என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தானியங்கி நிரல்கள் நிறுவனத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் வாசலைப் பார்த்து வருகின்றன. காசேயா தாக்குதலில் சிக்கியவற்றில் பல, கணினிப் பராமரிப்பைச் சேவை நிறுவனங்களிடம் விட்டிருந்த சிறு நிறுவனங்கள். அதுமட்டுமல்ல, பத்துக் கணினிகளுக்கு மேலே சொன்ன முதல் இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். கணினிகள் நூறான பிறகு குழு பிரிப்பதுதான் கடினம்.

'ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டால் வேலை நடக்காது. இரவில் ஆளில்லாத கணினியை எப்படித் திறப்பது?' என்பார்கள். இதற்கும் வழி இருக்கிறது. யாரும் லாகின் செய்யாத கணினியில் கேட்காமலே இணைய அனுமதிக்கும் அமைப்பு தனியாக உண்டு. ஆள் இருக்கும்போது கேட்பதும், இல்லாதபோது நேராக இணைவதும் ஒரே குழுவில் சாத்தியம். சர்வர்கள், அறிவிப்புத் திரைகள் போன்று ஆள் அமராத சாதனங்களைத் தனிக் குழுவாக்கி, அதற்கு மட்டும் சம்மதத்தை நீக்கலாம். எதிரே ஒருவர் அமர்ந்திருக்கும்போது கேட்காமல் பார்ப்பதற்குப் பராமரிப்பு என்ற காரணம் பொருந்தாது, அது கண்காணிப்பு. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், பணியாளர்கள் ஏஜென்ட்டை நீக்கவும் இணைப்பைத் துண்டிக்கவும் வழி தேடுவார்கள். பிறகு பராமரிப்பும் நடக்காது.

'நிரல் எல்லோருக்கும் தெரியும் என்றால் திருடனுக்கும் தெரியுமே. பணம் கொடுத்து வாங்குவதே பாதுகாப்பல்லவா?' என்பது மூன்றாவது. காசேயாவும் ஸ்க்ரீன்கனெக்ட்டும் மூடிய நிரல்கள்தான். மூடியிருந்ததால் அவை தப்பவில்லை. திறந்த நிரலில் ஓட்டை கண்டவர் அதைக் காட்டவும், எப்படி அடைக்கப்பட்டது என்று நீங்கள் வரி வரியாகப் பார்க்கவும் முடிகிறது. அதற்காகத் திறமூலம் தானாகவே பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. வணிக மென்பொருளில் நிறுவனம் செய்யும் சில வேலைகள், குறிப்பாக அப்டேட்டும் பேக்கப்பும், இங்கே உங்கள் பொறுப்பு. வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்க ஆளில்லாத நிறுவனம், சொந்த சர்வர் நடத்தாமல் நிர்வகித்துத் தரும் சேவையை வாங்குவதே சரி. ஆள் இருக்கும் நிறுவனத்துக்கு, தரவும் அதிகாரமும் தன் கையில் இருக்கும் இந்த வழி பல மடங்கு மேல்.

அடுத்த பதிப்பில் இன்னும் சில வசதிகள் வரலாம். ஒவ்வொன்றையும் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: இதை யார் பயன்படுத்தலாம், எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும், பிறகு எங்கே சரிபார்க்கலாம். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்த வசதி மூடியே இருக்கட்டும்.